குறைந்த செலவில் க்ரூசர் பைக்குக்கு அகலமான பின் டயர்: 140-லிருந்து 180-க்குப் போக முடியுமா?

கறுப்பு வல்கன்:

வணக்கம். என்னிடம் பழைய கவாசாகி வல்கன் 800 இருக்கிறது. முன்னால் 21 இன்ச் ஒல்லிச் சக்கரம், பின்னால் 140/90-16 டயர் (அகலம் 140 மி.மீ., பக்கச் சுவர் அதில் 90 சதவீதம், ரிம் 16 இன்ச்). ஸ்போக் ரிம், உள்ளே ட்யூப், செயின் டிரைவ். ஷாக் சீட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால், பக்கவாட்டில் பார்த்தால் ஷாக்கே இல்லாத அந்தக் காலத்து ஹார்ட்டெயில் போலத் தெரியும். அந்த அழகுக்காகத்தான் வாங்கினேன். ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பெரிய மட்கார்டு, அதற்குள் எங்கோ மெலிசாக ஒரு டயர்.

ஒரு சிக்னலில் ஹார்லி பிரேக்அவுட் எனக்கு முன்னால் நின்றது. அதன் 240 டயரைப் பின்னாலிருந்து பார்த்த நாளிலிருந்து இதே நினைப்புதான். 240 எனக்கு எட்டாது என்று தெரியும். 180 கிடைத்தால் போதும்.

செலவு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல டயர், கொஞ்சம் லேத் வேலை, கொஞ்சம் வெல்டிங், ஒரு பெயின்ட். இவ்வளவுக்குத்தான் பணம் சேர்த்திருக்கிறேன். சக்கரம், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்து ஏறி இறங்கும் கை), மட்கார்டு எல்லாம் சேர்ந்த ரெடிமேட் கிட்டுகளைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு இதே மாதிரி இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

இப்போதுள்ள ரிம்மிலேயே 180 டயரை மாட்டலாமா? ஸ்விங்ஆர்மை வெட்டி அகலப்படுத்தினால் தாங்குமா? செயின் டயரில் உரசும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி? தினமும் ஓட்டும் வண்டி இது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

லேத்துக்காரர்:

தம்பி, எனக்கு லேத் வேலைதான் தொழில். இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் வண்டிகளுக்கு ஸ்பேசரும் புஷ்ஷும் கடைந்து கொடுத்திருக்கிறேன். என் சொந்த வண்டியில் 200 டயர் போட்டு ஓட்டியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரிம். உங்கள் பின் ரிம்மில் அகலம் பொறித்திருக்கும், அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அநேகமாக 3.00 என்று இருக்கும். 3 இன்ச் என்றால் 76 மி.மீ. நீங்கள் கேட்கும் 180-ல் 16 இன்ச்சுக்கு வருவது 180/65-16. ஹார்லியின் பெரிய டூரிங் வண்டிகள் பலவற்றில் பின்னால் வந்தது அதுதான். அங்கே அது உட்காருவது 5 இன்ச் ரிம்மில். அதைக் கொண்டுவந்து 3 இன்ச் ரிம்மில் மாட்டினால், இரண்டு விளிம்பும் உள்ளே இழுபட்டு டயரின் முதுகு கூம்பிவிடும். தரையைத் தொடும் பரப்பு பழைய 140-ல் இருந்ததைவிட அதிகமாகாது, குறையக்கூடச் செய்யும். விளிம்பு ரிம்மில் சரியாக அமராது, பக்கச் சுவர் தப்பான இடத்தில் மடங்கி மடங்கிச் சூடாகும். காசு கொடுத்து அகலம் வாங்கி, அதை ரிம்மிலேயே தொலைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரிம் அரை இன்ச் மாறினால் டயரின் உண்மையான அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. மாறும். டயரில் 150 என்று எழுதியிருந்தாலும், அரை இன்ச் குறைந்த ரிம்மில் மாட்டினால் காலிப்பரில் (அகலம் அளக்கும் கருவி) 145-தான் காட்டும். அதனால் டயரில் எழுதியதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த டயர் எந்த ரிம்முக்கு என்று ஒவ்வொரு டயர் கம்பெனியும் அட்டவணை போட்டிருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இனி செயின். 140-லிருந்து 180-க்குப் போனால் பக்கத்துக்கு 20 மி.மீ. கூடும். உங்கள் செயினுக்கும் டயருக்கும் நடுவே இப்போது அவ்வளவு இடம் இருக்காது. அப்போது எல்லாரும் செய்வது, எஞ்சின் பக்கம் ஆஃப்செட் ஸ்ப்ராக்கெட் (பற்கள் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் செயின் பல்சக்கரம்) போட்டுச் செயினை வெளியே தள்ளுவது. அதே அளவுக்குப் பின் ஸ்ப்ராக்கெட்டையும் ஸ்பேசர் வைத்துத் தள்ள வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் செயினும் பல்லும் சீக்கிரமே தேய்ந்து போய்விடும்.

என் வண்டியிலும் இதைத்தான் செய்தேன். முன் ஸ்ப்ராக்கெட்டை 12 மி.மீ. வெளியே கொண்டுவந்தேன். கடைசல் சுத்தமாக இருந்தது, கோடும் நேராக இருந்தது. ஆனால் செயின் இழுக்கிற இழுப்பை, முன் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் அவுட்புட் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும்தான் தாங்குகின்றன. ஸ்ப்ராக்கெட் பேரிங்கை விட்டுத் தள்ளிப் போகப் போக, நீளமான ஸ்பானர் போட்டுத் திருகுவது போல அந்த இழுப்பு ஷாஃப்ட்டை வளைக்கப் பார்க்கும். ஒரு வருடத்துக்குள் எண்ணெய் சீல் கசிந்தது. சீலை மாற்றினேன், மறுபடி கசிந்தது. மூன்றாம் முறை பிரித்தபோது பேரிங்கில் ஆட்டம் கண்டிருந்தது. கியர்பாக்ஸ் பேரிங்கை மாற்ற எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். மிச்சம் பிடித்த பணமெல்லாம் அதில் போயிற்று. இன்று என்னிடம் யார் வந்தாலும், தினமும் ஓட்டும் வண்டிக்கு 5, 6 மி.மீ.க்கு மேல் ஆஃப்செட் கடைந்து தரமாட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் தனி பேரிங்குகளோடு ஜாக்ஷாஃப்ட் என்ற இடைத்தண்டு வைத்து, செயினை இரண்டாகப் பிரித்து ஓட்ட வேண்டும். நல்ல முறைதான், ஆனால் உங்கள் பணத்துக்குள் அடங்காது.

ஓட்டும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசையோடு கேட்கிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. டயர் நிமிர்ந்து நிற்கும்போது நடு முதுகில் தரையைத் தொடும். வண்டியைச் சாய்த்தால், தொடும் இடம் சாய்கிற பக்கமாக நகரும். ஒல்லி டயரில் கொஞ்சம்தான் நகரும், அகல டயரில் நிறைய நகரும். நகர்ந்த அளவுக்கு வண்டி நிமிரப் பார்க்கும். அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் அதிகம் சாய்க்க வேண்டியிருக்கும். க்ரூசரில் ஃபுட்பெக் ஏற்கெனவே தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரமே உரசிவிடும். முன்னால் 21 இன்ச் ஒல்லி டயர் உடனே திரும்புகிறது, பின்னால் உள்ளது வர மறுக்கிறது. என் 200 டயர் வண்டியில் நீண்ட வளைவு முழுக்க ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தபடியே இருப்பேன். ஓரம் சரிந்த சாலையில் நேராகப் போவதற்கே கை வலிக்கும்.

தொழிற்சாலையிலிருந்தே அகல டயரோடு வரும் வண்டிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. சுசுகி எம்109ஆர் பின்னால் 240/40-18 டயரோடு வந்தது. 2011-ல் விற்பனைக்கு வந்த டுகாட்டி டயவெல்லுக்கு 240/45-17. டயவெல் வளைவில் நன்றாகத் திரும்பும் என்று பெயர் வாங்கியது, காரணம் அந்த வண்டிக்கென்றே பிரெல்லி டயரின் முதுகு வளைவைச் செதுக்கியதுதான். அந்த வண்டிகளில் ஃபிரேம், ஃபோர்க் கோணம், ரிம் எல்லாம் அந்த டயருக்காகவே பிறந்தவை. நம் வண்டியில் டயர் மட்டும் மாறுகிறது, மற்றதெல்லாம் 140-க்காகப் பிறந்தது.

ஸ்விங்ஆர்மை வெட்டி அகலப்படுத்தலாமா என்றால், செய்யலாம். ஆனால் ஜிக்கில் (கோணாமல் பிடிக்கும் சட்டம்) இறுக்கிப் பிடித்து, சரியான வெல்டர் பற்றவைத்து, பிறகு ஆக்ஸில் துளையும் பிவட் துளையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பின்னால் உட்காரப்போவது உங்கள் அம்மா. ஜிக் இல்லாத இடத்தில் ஸ்விங்ஆர்மில் பிளேடு வைக்க விடாதீர்கள். அப்புறம், ஸ்விங்ஆர்ம், ஃபிரேம் மாதிரி பாகங்களில் கைவைத்தால் பல இடங்களில் பதிவு அலுவலகமும் காப்பீடும் கேள்வி கேட்கும். வெட்டிய பிறகு கேட்பதைவிட முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வண்டியை நேராக நிறுத்தி, செயின் சரியான இறுக்கத்தில் இருக்கும்போது, செயினின் உள்விளிம்புக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு, மறுபக்கம் டயருக்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவே எவ்வளவு, மேலே மட்கார்டுக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். டயரின் அகலத்தையும் காலிப்பரில் பாருங்கள். சக்கரத்தைக் கால் கால் சுற்றாக நான்கு இடத்தில் அளக்க வேண்டும். ரிம் கோணலாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

சாலைக்காகம்:

எல்லாரும் செலவைப் பற்றிப் பேசுவதால் ஒரு வழி சொல்கிறேன். பின்னால் காரின் டயரையே போட்டு ஓட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நானும் என் பெரிய டூரிங் வண்டியில் போட்டேன். பைக் டயர் இரண்டு தேய்கிற தூரத்துக்கு மேல் ஓடிவிட்டது, டயரில் பள்ளம் இன்னும் தேயாமல் இருக்கிறது. நேர்ச் சாலையில் அருமையாகப் போகிறது. பார்க்கவும் பின்னால் நல்ல அகலம். 16 இன்ச்சில் கார் டயருக்குப் பஞ்சமே இல்லை. 180 அளவுக்கு நெருக்கமாகவே கிடைக்கும்.

லேத்துக்காரர்:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. எடை கூடின டூரிங் வண்டியில், பெரும்பாலும் நேர்ச் சாலையில் போகிறவர் நீங்கள். ஆனால் இந்தத் தம்பிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கார் டயரின் விளிம்பும் பைக் ரிம்மில் அது உட்காரும் இடமும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல. டயர் கம்பெனிகளும் இதை அனுமதிப்பதில்லை. கார் டயரின் முதுகு தட்டை. சாய்த்தால் ஓரத்தின் மேல் ஏறித்தான் திரும்ப வேண்டும். நான் மேலே சொன்ன நிமிர்கிற குணம் அதில் இன்னும் பலமாக இருக்கும். போதாததற்கு 3 இன்ச் ரிம், உள்ளே ட்யூப். வேண்டாம்.

தனிப்பயணி:

என்னிடம் இருப்பது 650 சிசி க்ரூசர். வேறு கம்பெனி, ஆனால் இதே குறைதான் எனக்கும் இருந்தது. லேத்துக்கார அண்ணா டயரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் மட்கார்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வண்டியில் பின்பக்கத் தோற்றத்தை மாற்றியது அதுதான்.

ஒரு நாள் வண்டியைப் பின்னாலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தின் மேல் பேனாவால் டயரை அகலமாக வரைந்து பார்த்தேன். எவ்வளவு அகலமாக வரைந்தாலும் நன்றாக வரவில்லை. பிறகுதான் புரிந்தது, டயரில் பாதிக்கு மேல் மட்கார்டு மூடியிருக்கிறது. டயருக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளி விட்டு ஒரு தகரக் கூடு தொங்கினால், உள்ளே 200 டயர் இருந்தாலும் மெலிசாகத்தான் தெரியும்.

அட்டையில் மாதிரி வெட்டி, டேப் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே வைத்துப் பார்த்தேன். பிறகு மட்கார்டின் வால் பகுதியை 20 செ.மீ. வெட்டினேன். பக்கச் சுவர்களின் கீழ் விளிம்பை 6 செ.மீ. மேலே ஏற்றினேன். நம்பர் பிளேட்டைத் தாங்கிய பெரிய பிராக்கெட்டையும் அகலமான இண்டிகேட்டர்களையும் எடுத்துவிட்டுச் சின்ன எல்இடி விளக்குகள் வைத்தேன். பிளேட் தெரியும்படியும் விளக்கு எரியும்படியும்தான் வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புது டயர் போட்டாயா என்று கேட்டார். டயர் அதே பழைய டயர்.

செலவென்று பார்த்தால் கட்டிங் டிஸ்க், கொஞ்சம் வெல்டிங், பெயின்ட், அவ்வளவுதான். ஆனால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். வெட்டின விளிம்பை அப்படியே விட்டால் அதிர்வில் அங்கிருந்து விரிசல் ஓடும். நான் 6 மி.மீ. இரும்புக் கம்பியை விளிம்பின் வளைவுக்கு வளைத்து, உள்பக்கம் பற்றவைத்துத் தேய்த்தேன். கை வைத்தாலும் கிழிக்காது. இரண்டாவது, மட்கார்டுக்கு அடியில் ஒயர் போகும். கழற்றாமல் வெட்டினால் ஒயரையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் செய்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். மூன்றாவது உங்கள் அம்மா. பின் சீட்டின் எடையை மட்கார்டும் அதன் இரண்டு பக்கப் பட்டைகளும் சேர்ந்துதான் தாங்குகின்றன. அந்தப் பட்டைகளைத் தொடாதீர்கள்.

டயரை ஒட்டினாற்போல மட்கார்டு வேண்டுமென்றால், அதை ஃபிரேமில் மாட்டாமல் ஸ்விங்ஆர்மிலேயே மாட்டுவார்கள். சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்குவதால் ஒரு விரல் இடைவெளி போதும். சரக்கு டிரெய்லர்களுக்கு விற்கும் வட்டமான இரும்பு மட்கார்டை வாங்கி வெட்டி மாட்டுவது பழைய சாப்பர்காரர்களின் வழி. அது மலிவாகவும் முடியும், கனமான தகடு என்பதால் உறுதியாகவும் நிற்கும். ஆனால் அதன் மேல் ஆள் உட்கார முடியாது. எனக்குப் பரவாயில்லை, நான் தனியாகத்தான் போகிறேன். உங்களுக்கு அது ஒத்துவராது.

கறுப்பு வல்கன்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தேன்.

ரிம்மில் 16, 3.00 என்றுதான் இருக்கிறது. டயரின் அகலம் காலிப்பரில் 138. செயின் உள்விளிம்பிலிருந்து டயருக்கு 14 மி.மீ. மறுபக்கம் டயரிலிருந்து ஸ்விங்ஆர்முக்கு 17. மட்கார்டின் உள்பக்கம் இரண்டு பக்கமும் 25-க்கு மேல் இருக்கிறது, தனிப்பயணி சொன்ன அதே கூடுதான். நான்கு இடத்தில் அளந்ததில் செயின் பக்கம் 14, 14, 12, 13 என்று வருகிறது. ரிம் கொஞ்சம் கோணல் போலிருக்கிறது.

அளந்து முடித்தபோது 180 மனதை விட்டுப் போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன். 160-ஆவது முடியுமா அண்ணா? செயினைக் குறுகலானதாக மாற்றினால் இடம் கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

லேத்துக்காரர்:

நல்லபடியாக அளந்திருக்கிறீர்கள். இப்போது காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

டயர் உண்மையில் 138. உண்மையாகவே 160 அகலம் வரும் டயர் என்றால் பக்கத்துக்கு 11 மி.மீ. கூடும். செயின் பக்கம் நல்ல இடத்தில் 3 மிஞ்சும், கோணலான இடத்தில் 1. ரிம்மின் கோணலை எடுத்துவிட்டாலும் 3-தான். ஓடும்போது செயின் ஆடும், ஸ்விங்ஆர்ம் புஷ்ஷில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், வேகத்தில் டயரும் கொஞ்சம் விரியும். எல்லாம் போக 6 மி.மீ. மிஞ்ச வேண்டும், அதுவே என் கடைசிக் கோடு. 160 வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் லாபம் சின்னது. உங்கள் செயின் 530 அளவு என்று வைத்துக்கொண்டால், அதன் உள் அகலம் ஒரு இன்ச்சில் எட்டில் மூன்று பாகம், அதைவிடக் குறுகலான 520-க்குக் கால் இன்ச். வித்தியாசம் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். அதில் டயர் பக்கம் உங்களுக்குக் கிடைப்பது பாதி, ஒன்றரை மி.மீ. அதற்காக முன்னும் பின்னும் ஸ்ப்ராக்கெட் மாற்ற வேண்டும். செயின் செட் தேய்ந்து எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பணத்தை வேறு இடத்தில் வையுங்கள்.

நான் சொல்வது 150/80-16. அதே ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) வைத்துக்கொண்டு 3.5 இன்ச் ரிம்மில் ஸ்போக் கோர்க்கச் சொல்லுங்கள். ரிம் கோணலாக இருப்பதால் அதை எப்படியும் நேராக்க வேண்டும், ஸ்போக்குகளும் பழசு. அந்தக் கூலியோடு கூலியாகப் புது ரிம் வந்துவிடும். 3.5 ரிம்மில் டயர் 150-க்குப் பக்கத்தில் நிற்கும். பக்கத்துக்கு 6 கூடும், செயின் பக்கம் 8 மிஞ்சும். ஸ்பேசர் வேண்டாம், ஆஃப்செட் வேண்டாம், ஸ்விங்ஆர்மில் கைவைக்க வேண்டாம். ஸ்போக் கோர்க்கும்போது ரிம்மை மறுபக்கமாக 2, 3 மி.மீ. தள்ளித் தருகிறேன் என்பார்கள். அதுவும் வேண்டாம், பின் சக்கரம் முன் சக்கரத்தின் கோட்டிலேயே ஓடட்டும்.

150/80-16-ன் உயரம் 646 மி.மீ., உங்கள் 140/90-16-க்கு 658. பின்னால் 6 மி.மீ. இறங்கும், இழுவை இரண்டு சதவீதம் போலக் கூடும். பக்கச் சுவர் 120 மி.மீ. இருப்பதால் அந்தப் பலூன் மாதிரி உருண்ட தோற்றம் கெடாது. மட்கார்டைக் குட்டையாக வெட்டிய பழைய பாபர் பைக்குகளின் பின் டயர் கனமாகத் தெரிவதற்கு அந்த உருண்ட பக்கச் சுவரும் ஒரு காரணம். 55, 50 என்று மெல்லிய பக்கச் சுவர் போட்டால் ஸ்போர்ட்ஸ் பைக் சக்கரத்தைக் க்ரூசரில் மாட்டிய மாதிரி இருக்கும். இது என் ரசனை, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

மிஞ்சும் பணத்தில் பின் சக்கர பேரிங், ஸ்விங்ஆர்ம் புஷ், புது ட்யூப், ரிம் டேப். அதற்குப் பிறகு தனிப்பயணி சொன்ன மட்கார்டு வேலை. இதே வரிசையில் செய்யுங்கள்.

தனிப்பயணி:

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயரை வாங்கிவிடாதீர்கள், ரப்பர் இறுகிப் போயிருக்கும், மழையில் வழுக்கும். அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 71 என்றால் 345 கிலோ தாங்கும், 77 என்றால் 412. பழைய டயரில் இருப்பதைவிடக் குறைவானதை வாங்க வேண்டாம். முன் டயர் பயாஸ் வகை (உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கே சாய்வாகப் போவது) என்றால் பின்னாலும் அதே வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கறுப்பு வல்கன்:

வேலை முடிந்தது. அண்ணா சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

பழைய ரிம்மைப் பிரித்தபோது நான்கு ஸ்போக்குகள் துருப்பிடித்து, அவற்றை ரிம்மில் இறுக்கும் நிப்பிளோடு ஒட்டிப் போயிருந்தன, ஒன்று கையோடு முறிந்தது. அதன் மேல் 180 போட்டு ஓட்டக் கிளம்பினேனே என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 3.5 ரிம், புது ஸ்போக்குகள், 150/80-16 டயர். மாட்டி முடித்ததும் டயர் 149 இருந்தது. செயின் பக்கம் நான்கு இடத்திலும் 8-லிருந்து 9.

அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்து, மட்கார்டை 15 செ.மீ. மட்டும் வெட்டினேன், 20 வெட்ட மனம் வரவில்லை. பக்கச் சுவரை 5 செ.மீ. ஏற்றினேன். பக்கப் பட்டைகளைத் தொடவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் இப்போது கண்ணுக்கு முதலில் படுவது டயர். நேற்று மாலை வண்டியைக் கழுவிவிட்டு, வெயில் போகும் வரை பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைவில் பழையபடியே திரும்புகிறது.

ஒரே ஒரு சிக்கல். அம்மா உட்கார்ந்து வேகத்தடையில் ஏறும்போது மட்டும் பின்னால் "சர்ர்" என்று ஒரு சத்தம். தனியாகப் போனால் இல்லை.

லேத்துக்காரர்:

உடனே பாருங்கள், அந்தச் சத்தத்தோடு ஓட்டாதீர்கள். உங்கள் புது டயர் பழையதைவிட உயரம் குறைவு, அதனால் மட்கார்டின் உச்சியில் இடிக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் மாட்டிய போல்ட் ஏதாவது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியை ஃபிரேமில் தாங்கி நிறுத்தி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். ஷாக் முழுக்க அமுங்கினால் சக்கரம் எவ்வளவு மேலே வருமோ அதுவரை ஏற்றி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயரில் ஒரு கோடு விழுந்திருந்தால், அந்தக் கோட்டுக்கு நேர் மேலே தேடுங்கள்.

கறுப்பு வல்கன்:

கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா. எல்இடி விளக்கின் பிராக்கெட்டை மாட்டிய இரண்டு போல்ட்டுகள். தலை வெளியே, மரையும் நட்டும் உள்ளே, 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. டயரின் நடுவில் மெல்லிசாக ஒரு கோடு, ஆழமில்லை. தட்டையான தலை கொண்ட போல்ட்டுகளை வாங்கி, தலையை உள்பக்கமும் நட்டை வெளிப்பக்கமும் வைத்து மாட்டினேன். இன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே வேகத்தடையில் மூன்று முறை ஏறி இறங்கினேன். சத்தம் இல்லை.